இலையின் வரவும் உயிரின் செலவும்

(நமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன் இம்மேடையில் ஏறினால் அணுவைப் பற்றியோ ஆகாயத்தைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் அவ்வளவு தூரம் போக எண்ணவில்லை. கண்டி நகரத்தைச் சுற்றிலும் எந்தத் திசையில் நோக்கினும் கண்ணிற்படுவது இலை. அந்த இலை பகலிலே செய்யும் ஒரு தொழிலையும், அதுவும் நாமும் இரவு பகலாய்ச் செய்யும் மற்றொரு தொழிலையும் பற்றியே பேச விரும்புகிறேன். முதலாவது ஒளித்தொகுப்பு, இரண்டாவது சுவாசம். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை அறிந்தால், நம்மவர் மலைநாட்டில் வாழ்ந்து வரும் கதையிலும் ஒரு பகுதி விளங்கும். நம்மிடையே வழங்கும் ஒரு தவறான கொள்கையும் தெளிவுபெறும்.

முதலில் தொழில்களைக் கூறுகிறேன். இலையானது காற்றிலிருந்து கரியமில வாயுவை, அதாவது நமது பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்று கூறும் வாயுவை, தன் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய இலைவாய்களின் வழியாக உட்கொள்கிறது. வேர் நீரை அனுப்புகிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பற்றிக்கொள்கிறது. அவ்வொளியின் வலிமையினால் நீர் பிளவுபடுகிறது. பிராணவாயுவாகிய ஒட்சிசன் வெளியேறுகிறது. காபனீரொட்சைட்டு வெல்லமாக மாறுகிறது. இதுவே ஒளித்தொகுப்பு.

சுவாசத்திலே இதன் எதிரான விளைவு உண்டாகிறது. வெல்லம் சிறிது சிறிதாகச் சிதைந்து, ஒட்சிசனோடு சேர்ந்து, காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுகிறது. வெல்லத்தில் அடங்கியிருந்த சக்தி உயிரின் வேலைகளுக்குக் கிடைக்கிறது. மூச்சு வாங்குவது மாத்திரமே சுவாசம் என்று எண்ணலாகாது. மூச்சு, வாயுவைக் கொண்டு வந்து கொடுக்கும் வேலை. உண்மையான சுவாசம் உடம்பின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் நடைபெறுகிறது.

இரண்டையும் கணக்கில் எழுதிப் பார்ப்போம். 264 கிராம் காபனீரொட்சைட்டும் 108 கிராம் நீரும் செலவானால் 180 கிராம் குளுக்கோசும் 192 கிராம் ஒட்சிசனும் கிடைக்கின்றன. ஒரு பக்கம் கூட்டினாலும் 372; மறு பக்கம் கூட்டினாலும் 372. சுவாசத்தில் அந்த 180 கிராம் குளுக்கோசு முழுவதும் சிதைந்தால் அதே 264 கிராமும் 108 கிராமும் திரும்பி வருகின்றன. பொருளைப் பொறுத்தவரையில் ஓர் அணுவும் குறைவதில்லை.

ஆனால் சக்தியின் கணக்கு அப்படியன்று. 180 கிராம் குளுக்கோசில் ஏறக்குறைய 2870 கிலோயூல் சக்தி உண்டு. கலம் அதனை ஏ.ரி.பி. என்னும் சிறு சிறு சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றிலிருந்து 30 அல்லது 32 ஏ.ரி.பி. மூலக்கூறுகள் வரையிற் கிடைக்கலாம் என்பர். அதிலே சேர்வது மொத்தச் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. போன வெப்பத்தை எந்த இலையும் மீண்டும் வெல்லமாக்க முடியாது. ஆகவே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது. சக்தி ஒருவழிப் பாதையிற் செல்கிறது. அதனாலேதான் ஒவ்வொரு நாளும் சூரியன் உதிக்க வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. விளைவில் ஒன்றுக்கொன்று எதிராயினும், ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடப்பது போன்றவையல்ல இவை. ஒளித்தொகுப்பு நடைபெறுவது கலத்திலுள்ள பச்சையவுருமணியில். சுவாசத்தின் பெரும்பகுதி நடைபெறுவது இழைமணி என்னும் வேறோர் உறுப்பில். வெல்லம் உண்டாகும் படிகளை விளக்கிய மெல்வின் கல்வின் 1961 ஆம் ஆண்டிலும், உணவு சிதையும் வட்டத்தைக் கண்ட ஹான்ஸ் கிரெப்ஸ் 1953 ஆம் ஆண்டிலும் நோபெல் பரிசு பெற்றனர். இரண்டும் வெவ்வேறு பாதைகள். ஒன்றின் முடிவு மற்றதன் தொடக்கம். நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசன், இலையினுள்ளே நீரைப் பிளந்து எடுக்கப்பட்டது. நமது கலங்களில் வேலை முடிந்ததும் அது மறுபடியும் நீராகவே ஆகிறது.

இவ்வுண்மை ஒரு நாளில் வெளிப்பட்டதன்று. 1771 ஆம் ஆண்டில் யோசேப்பு பிறீஸ்லி என்னும் ஆங்கிலேயர், மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றினுள்ளே புதினாக் கொப்பொன்றை வைத்தார். சில நாட்களின் பின் அக்காற்றிலே மெழுகுவர்த்தி மறுபடியும் எரிந்தது. 1779 ஆம் ஆண்டில் யான் இங்கன்ஹவுசு என்னும் வைத்தியர், இந்த நன்மையைச் செய்வது செடியின் பச்சைப் பகுதி மாத்திரமே என்றும், அதுவும் வெளிச்சத்தில் மாத்திரமே என்றும், இருளிலே செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்றும் காட்டினார்.

இனி நமது ஊருக்கு வருவோம்.

பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரமாக நிற்கும் இராட்சத மூங்கிற் புதர்களை அறியாதார் இங்கு இலர். மழைக்காலத்தில் அவற்றின் அடியிலிருந்து புதுக் குருத்துக்கள் கிளம்பும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அடி வளரும் குருத்தும் உண்டு. அக்குருத்தைக் கூர்ந்து பாருங்கள். அதிலே விரிந்த பச்சை இலை ஒன்றேனும் இல்லை. வெறும் செதில்கள் போர்த்த தூண். அது தனக்கென ஒரு சதமும் உழைப்பதில்லை. அருகிலுள்ள முதிய மூங்கில்களின் இலைகள் முன்னரே உழைத்துச் சேமித்த வெல்லத்தை நிலத்தடித் தண்டின் வழியாகப் பெற்று, அதைச் சுவாசித்தே வளர்கிறது. அதன் வளர்ச்சியைப் பார்த்து வியக்கும் நாம், அதற்குச் செலவு கொடுக்கும் பழைய மூங்கிலை அண்ணாந்து பார்ப்பதில்லை.

தேயிலையிலும் இதே கதைதான். நாம் கொய்யும் கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய இளந்தளிர், இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத பிள்ளை. கீழேயுள்ள முதிர்ந்த இலைகளே அதற்கு உணவூட்டுகின்றன. தேர்ந்த கை கொழுந்தை மாத்திரம் கிள்ளும்; கீழ் இலையைத் தொடாது. நிறையைக் கூட்ட வேண்டுமென்று முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால், அன்றையத் தராசு மகிழும். செடியின் வரவு குறையும். அடுத்த சுற்றுகளிலே கொழுந்தும் குறையும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்ற பேரம் சம்பளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் இடத்திலே இது வெறும் தாவரவியல் அன்று. செடியின் நட்டம் இறுதியில் வந்து விழுவது, அதைப் பறிக்கும் கையின் மேல்தான்.

பறித்த கொழுந்து இறந்துவிட்டதென்று எண்ணவும் கூடாது. அது உயிரோடு சுவாசித்துக் கொண்டிருக்கிறது. சாக்கிலே அழுத்தி அடைத்து வைத்த கொழுந்தினுள் கையை விட்டுப் பார்த்த தாய்மாருக்கு அந்தச் சூடு தெரியும். முன்பு சொன்ன மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் அதுவே. காற்றுப் புகாமல் வெகுநேரம் கிடந்தால் கொழுந்து தானே வெந்து சிவந்து கெட்டுவிடும். அதனால்தான் கொழுந்தை நெருக்கி அடைக்கலாகாது என்கிறார்கள். ஒரு நாளில் பல முறை நிறுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பரப்பிக் காற்றுப் படவிட்டு வாட்டுகிறார்கள். தோட்டத்து வழக்கங்கள் பலவற்றின் அடியிலே இந்தச் சுவாசம் ஒளிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் தெளிவான பாடம் கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி, ஏறக்குறைய வெறும் கட்டையாக விடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இலை போய்விட்டது, ஆகவே வரவு நின்றுவிட்டது. ஆனால் வேரும் தண்டும் உயிரோடிருப்பதால் சுவாசம் நிற்பதில்லை. புதுத் துளிர் எழும்பவும் செலவு வேண்டும். இந்த வாரங்களில் செடி எதைக் கொண்டு பிழைக்கிறது? முன்னரே வேரிற் சேமித்த மாப்பொருளைக் கொண்டு. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். கையிருப்புத் தீருமுன் புதிய இலை விரிந்து சம்பாதிக்கத் தொடங்கினால் செடி பிழைக்கும். இருப்பு முந்தித் தீர்ந்தால் கிளை காயும், நோய் பற்றும், செடி மடியும்.

இதனாலே கவ்வாத்துக்கு முன் வேரைச் சோதிப்பதுண்டு. வேரின் ஒரு துண்டை வெட்டி, வெட்டு முகத்தில் அயடீன் கரைசலைத் தடவினால், மாப்பொருள் நிறைய இருந்தால் கருநீலம் காணும். இல்லையேல் நிறம் வெளிறியிருக்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஓர் இலையை அவித்து நாம் செய்து பார்க்கும் அதே சோதனை, மலையிலே ஒரு செடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இருப்புப் போதாவிட்டால், சில வாரங்கள் கொழுந்து கொய்யாமல் செடியை ஆறவிட்டுப் பின் வெட்டுவார்கள். சிலர் ஒன்றிரண்டு இலைக் கிளைகளை வெட்டாமலே விட்டு வைப்பார்கள். அக்கிளைக்கு ஆங்கிலத்தில் நுரையீரல் என்று பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் அழகாயிருப்பினும், அது மூச்சு விடும் கிளை என்பதைவிடச் சோறு போடும் கிளை என்பதே பொருத்தம்.

உயர்ந்த மலைக்கும் தாழ்ந்த நிலத்துக்கும் இதிலே வேற்றுமை உண்டு. வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொது விதி. நுவரெலியாவின் குளிர்ந்த இரவிலே செடி குறைவாய்ச் செலவழித்து மிச்சம் பிடிக்கிறது. தாழ்நாட்டின் வெப்பமான இரவிலே பகற் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு கரைந்துவிடுகிறது. ஆகவே தாழ்நாட்டுச் செடியின் வேரில் இருப்புக் குறைவு. அதனைக் கவ்வாத்து செய்வதற்கு எச்சரிக்கை அதிகம் வேண்டும். பூமி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில், இரவுகளின் வெம்மை செடியின் செலவை எவ்வளவு கூட்டும் என்பது மலைநாட்டார் அனைவரும் கவலையோடு கேட்க வேண்டிய கேள்வி.

வரவு குறைவதற்கும் அண்மைக்கால உதாரணம் உண்டு. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு நைதரசன் அணுக்களும் ஒரு மகனீசிய அணுவும் உள்ளன. நைதரசன் கிடையாத செடி வெளிறும். வெளிறிய இலை ஒளியைப் பிடிக்காது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன் அத்தடை தளர்த்தப்பட்டது. அவ்வாண்டில் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 250 மில்லியன் கிலோவாயிற்று. நாட்டின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தே இவ்வீழ்ச்சியை உண்டாக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இலையின் பசியும் அதில் ஒரு காரணம்.

இனி, தேயிலைக்கு முந்திய ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலும், பேராதனைக்கு எதிரே கன்னொருவையிலும் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. பின்னர் கண்டியைச் சுற்றிய மலைகள் யாவும் கோப்பிக் காடாயின. அக்கோப்பியைப் பறிக்கவே நம்மவரிற் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். வழியிலே மாண்டவர் பலர். கோப்பி அறுவடை ஒரு பருவத்து வேலை. ஆதலின் வந்தவர்களிற் பலர் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினர்.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி போன்ற புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் அதனை ஒரு பூஞ்சணம் என்று கண்டு பெயரிட்டார். 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கே தங்கி, அப்பூஞ்சண வித்துக்கள் காற்றிலே பரவி இலைவாய் வழியாக உட்புகுவதை ஆராய்ந்து எழுதினார்.

அந்நோய் மரத்தைக் கொன்றது எவ்வாறு? முன்பு பார்த்த கணக்கின்படிதான். இலை காபனீரொட்சைட்டை வாங்கும் அதே வாசலின் வழியாகத் திருடன் நுழைந்தான். இலை உழைத்துச் சேர்த்த வெல்லத்தைத் தின்றான். நோயுற்ற இலை காலத்துக்கு முன் உதிர்ந்தது. மரத்திலே பிடித்திருந்த காய்களோ உணவு கேட்பதை நிறுத்தவில்லை. வேரும் தண்டும் சுவாசிப்பதையும் நிறுத்தவில்லை. வரவு நின்று செலவு தொடர்ந்தது. மரம் புது இலை விட்டது, அதுவும் உதிர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு இருப்புக் கரைந்து கிளை நுனிகள் காய்ந்தன. இருபது ஆண்டுகள் செல்வதற்குள் இலங்கையின் கோப்பிச் செல்வம் அழிந்தது.

அதன் இடத்திலே வந்தது தேயிலை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கியது, அழிந்த கோப்பி நிலங்களிலெல்லாம் பரவிற்று. கோப்பியைப் போலத் தேயிலை ஒரு பருவத்தில் முடிவதன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆண் பெண் பிள்ளைகளோடு குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. நமது முன்னோர் இம்மலைகளிலே நிரந்தரமாய்த் தங்கியதற்கு அரசும் முதலாளிகளும் வறுமையும் காரணம் என்பது உண்மை. அக்காரணங்களோடு, ஓர் இலையின் அடியிலே விழுந்த செம்மஞ்சட் புள்ளியையும் சேர்த்து எழுத வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன தவறான கொள்கைக்கு வருகிறேன். பகலிலே செடி ஒளித்தொகுப்புச் செய்யும், இரவிலே சுவாசிக்கும் என்று நம்மிற் பலர் மனனஞ் செய்திருக்கிறோம். இது பாதி உண்மை. சுவாசம் பகலிலும் உண்டு, இரவிலும் உண்டு. பகலிலே வரவு செலவை விட மிகுதியாயிருப்பதால் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. விடியும் வேளையிலும் அந்தி வேளையிலும் இரண்டும் சமப்படும் ஒரு கணம் உண்டு. அதனை ஈடுசெய் புள்ளி என்பர்.

அரசமரம் மாத்திரம் இரவிலும் பிராணவாயுவைத் தருகிறது என்றும், அதனாலேயே நம் முன்னோர் அதனை வலம் வந்தனர் என்றும் நமது மேடைகளிலும் மலர்களிலும் சொல்லப்படுகிறது. பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். ஒட்சிசன் வருவது ஒளியினால் நீர் பிளவுபடும்போது. ஒளியில்லையேல் அரசும் தராது, ஆலும் தராது. கள்ளியும் அன்னாசியும் இரவிலே காபனீரொட்சைட்டைச் சேமிக்கும் திறமுள்ளவை. அவையும் ஒட்சிசனைப் பகலிலேயே விடுகின்றன. இதனால் அரசமரத்துக்கு இழுக்கொன்றும் இல்லை. கோயிலிலே நாம் அதனை வணங்குவது வாயுவை விலைக்கு வாங்குவதற்காகவா? பக்தியை நிலைநாட்டப் பொய்யான விஞ்ஞானத்தை முட்டுக் கொடுத்தால், அம்முட்டு ஒடியும் நாளிலே நம் பிள்ளைகள் பக்தியையும் சேர்த்தே சந்தேகிப்பர். மிஷன் பாடசாலையிலே படித்து வந்த எனக்கு, நம் மரபை நாமே மெய்யான சொல்லாற் பேச வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே வலுத்தது.

அவ்வாறே, இரவில் மரத்தடியிற் படுத்தால் அதன் கரியமில வாயு நம்மைக் கொல்லும் என்பதும் மிகைக் கூற்று. திறந்த வெளியில் அவ்வாயு காற்றோடு கலந்து போய்விடும். அடைத்த அறையிலே ஒரு சட்டிச் செடி விடுவதைக் காட்டிலும், நம்மருகே படுத்திருப்பவர் விடுவது எத்தனையோ மடங்கு அதிகம். மரத்தடியிற் படுக்காதே என்ற பாட்டிமாரின் வாக்கைத் தள்ளவும் வேண்டாம். முறியும் கிளையும் ஊரும் பாம்பும் போதுமான காரணங்கள்.

இறுதியாக ஒன்று. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்கள் ஒளியினாற் சேர்த்த இருப்பு. அதனை நாம் அவசரமாக எரித்து வருகிறோம். 1958 இல் ஹவாய்த் தீவில் முறையாக அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இன்று 420க்கு மேல். ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி, உலகத்துக்கே சொன்னதாய் இருக்கிறது.

வாலிப நண்பர்களே, நமது சங்கத்தில் தோட்டத்தைப் பிறந்த மண்ணாகக் கொண்டவர் பலர். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, கவ்வாத்துக் கத்தி பிடித்த பெரியப்பாமாரிடமும், கூடை சுமந்த அம்மாமாரிடமும் கேளுங்கள். எந்தச் செடி பிழைக்கும், எந்தக் கொழுந்து கெடும் என்பதை அவர்கள் எப்படி அறிகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்கள் கையறிவும் நமது நூலறிவும் ஒரே மேசையிற் கூடினால், அடுத்த ஆண்டு மலரிலே இதைவிட நல்ல கட்டுரை ஒன்று வெளிவரும்.